புதுப்பிப்பு: கூப்பிட்டா எதிர்ப்பக்கம் ஓடுற ராஜபாளையம், காரணம் தெரிஞ்சிடுச்சு

தோப்புக் காவலுக்கு பழக்குற எங்க ராஜபாளையம் நாய்க்குட்டி, விசில் அடிச்சா சில நேரம் வருது, சில நேரம் நேர் எதிர்ப்பக்கம் ஓடுதுன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

"அடம் இல்ல, ஒரு காது கேக்காம இருக்கலாம், தூங்கும்போது பாருங்க"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரு, அதுதான் சரி. இடது காது தரையில பதிஞ்சிருக்க தூங்குறப்ப பின்னாடி நின்னு தட்டைத் தட்டினா அசையவே இல்ல, வலது காது கீழ இருக்குறப்ப தட்டினா உடனே எந்திரிச்சிடுச்சு. அப்ப வலது காதுதான் கேக்கல. வெட்டர்னரி டாக்டரும் சந்தேகம் சரிதான்னாரு, ஆனா உறுதியா சொல்ல மூளை அலை பாக்குற பேயர் டெஸ்ட் ஒண்ணுதான் வழியாம். முழு வெள்ளை நாய்ங்களுக்கு உள்காதுல நிறமி செல் இல்லாம போறதால இது சிலதுக்கு பிறவியிலயே வரலாம், ராஜபாளையத்துல இது தெரிஞ்ச பிரச்சனைதான். ஒரு காதுல கேக்குறதால சத்தம் வருதுன்னு தெரியும், எந்தப் பக்கம்னுதான் தெரியாது.

கூப்பிட்டு வந்தா குடுக்குற ட்ரீட்டை, அதான் தீனியை, மாத்திப் பாருங்கன்னு வந்த யோசனையால பலன் இல்ல. கூப்பிடுறதுக்கு கையை மேல தூக்கி காட்டுறது, ராத்திரியில டார்ச் அடிக்கிறது, இது ரெண்டும் நல்லா வேலை செய்யுது.

எதிர்பாராத விஷயம், காவல்ல ஒரு குறையும் இல்ல, வேலி ஓரம் ஆள் வந்தா மோப்பத்துலயே குரைக்குது. இத வச்சு குட்டி எடுக்க மாட்டோம். வெள்ளைக் குட்டி வாங்குறவங்க ரெண்டு காதையும் தனித்தனியா பாத்துட்டு வாங்குங்க.