புதுப்பிப்பு: முதல் பாம்பாகக் கார்ன் ஸ்நேக் வந்தாச்சு
லண்டனில் இருக்கிறோம், பாம்பு வளர்த்துப் பழக்கமில்லை, பால் பைத்தானா (ball python, சின்ன மலைப்பாம்பு வகை) கார்ன் ஸ்நேக்கா (corn snake, நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு) என்று முன்பு கேட்டிருந்தேன். கார்ன் ஸ்நேக்கையே எடுத்துவிட்டோம். பால் பைத்தானும் சாதுதான். ஆனால் சில சமயம் மாதக்கணக்கில் இரையைத் தொடாது, புதிதாக வளர்ப்பவருக்குத் தூக்கம் போய்விடும். எங்கள் கார்ன் ஸ்நேக்கோ, உறைந்த எலிக்குஞ்சை உருக்கி வெதுவெதுப்பாக்கி இடுக்கியில் நீட்டியதும் பிடித்துக்கொண்டது. (ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் எலியா என்ற பஞ்சாயத்து வீட்டில் இன்னும் ஓடுகிறது.) தொட்டியில் ஒரு முனை 30 டிகிரி, மறுமுனை 24. சூடேற்றும் பாய்க்குத் தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு வைக்கும் கருவி) கட்டாயம், இல்லையென்றால் வயிறு வெந்துவிடும். மூடிக்குப் பூட்டும் போட்டாயிற்று. சின்னச் சந்து கிடைத்தாலும் நழுவிவிடும். ஆயுள் 15-20 வருடம், யோசித்து எடுங்கள். அப்புறம், ஊரிலிருந்து கேட்டவர்களுக்கு: நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது.