சர்ச் பதவியை காசு குடுத்து வாங்கினாங்கன்னு வரலாற்று ஆய்வாளர்கள் எதை வச்சு சொல்றாங்க?

ஏடுதேடி:
மத்தியகால ஐரோப்பா பத்தி கொஞ்ச நாளா படிச்சுட்டு இருக்கேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த பிஷப் காசு குடுத்து வந்தவர், அந்த மடத்துத் தலைவர் காசு குடுத்து வந்தவர்னுதான் இருக்கு. 1045ல ஒன்பதாம் பெனடிக்ட் போப் பதவியையே பணத்துக்கு கைமாத்தி விட்டார்னு வேற போட்டிருக்கு. இதுக்கெல்லாம் யாரும் ரசீது போட்டிருக்க மாட்டாங்களே, அப்ப இத்தனை நூற்றாண்டு கழிச்சு எப்படி உறுதியா சொல்ல முடியுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லெழுத்து:
ரசீது கிடைக்கறது அபூர்வம்தான், ஆனா கூட்டாளிகளுக்குள்ள சண்டை வந்தா எல்லாம் வெளிய வந்துரும், நம்ம கைக்கு வர்றது பாதி அந்த சண்டை ஏடுகள்தான். தெற்கு பிரான்ஸ்ல நார்போன் விவகாரத்தை எடுத்துக்கோங்க. பேராயர் இறந்ததும் செர்டானியா பிரபு தன்னோட 10 வயசுப் பையன் கிஃப்ரெடுக்கு அந்தப் பதவியை கேக்கறார், விலை 1,00,000 சொலிடஸ் (அந்தக் கால நாணயக் கணக்கு), அதை நார்போன் வைகவுண்டும் (ஊரை ஆண்ட பிரபு) ரோடெஸ் பிரபுவும் பங்கு போட்டுக்கறதா பேச்சு. இது நமக்கு தெரிய வந்ததே சுமார் 40 வருஷம் கழிச்சு, 1059 வாக்குல, அதே வைகவுண்ட் வீட்டு மகன் பெரெங்கார் போப்போட தூதர்கள் முன்னாடி வச்ச புகார்லதான். காசு வாங்கின வீட்டு ஆளே புகார் குடுக்கறார், ஏன்னா அதுக்குள்ள பேராயரா ஆகிட்ட கிஃப்ரெடுக்கும் அவருக்கும் பகை முத்தி, பேராயர் இவரை சபையை விட்டே விலக்கி வச்சுட்டார். அதனால 1,00,000ங்கற வட்டத் தொகையை நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன். ஆனா தன் குடும்பத்துக்கும் பங்கு வந்துச்சுன்னு தனக்கே பாதகமானதை ஒருத்தர் தானா சொல்றார் பாருங்க, அதை நம்பறேன்.

லத்தீன்மாணவி:
மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். இந்தக் குற்றத்துக்கு சைமனின்னு பேர், பேதுருகிட்ட பணத்தை நீட்டி பரிசுத்த ஆவியோட வரத்தை விலைக்கு கேட்ட சீமோன் பேர்ல இருந்து வந்த வார்த்தை. ஆனா கைக்காசு மட்டும் சைமனி இல்ல. போப் முதலாம் கிரிகோரியே மூணு வகை சொல்லிட்டார்: கையால குடுக்கறது, நாக்கால புகழ்ந்து வாங்கறது, ஊழியம் பண்ணி வாங்கறது. அப்ப ராஜாவுக்கு பல வருஷம் வேலை செஞ்சு பிஷப் ஆனவரையும் சைமனிக்காரன்னு திட்டலாம், அந்த வார்த்தையை பாத்ததும் பணம் கைமாறிச்சுன்னு எழுதிடக்கூடாது, நானே ஒரு கட்டுரைல அந்தத் தப்பை பண்ணி திருத்தம் வாங்கியிருக்கேன். இன்னொண்ணு, நிறைய இடத்துல இது ஒளிவுமறைவா நடக்கவே இல்ல. 1059ல போப்போட தூதரா பீட்டர் டேமியன் மிலானுக்கு போனப்போ துணைத்தொண்டர் பட்டத்துக்கு 12 காசு, திருத்தொண்டருக்கு 18, குருவுக்கு 24னு ரேட்டே இருந்ததை எழுதி வச்சிருக்கார். ஒருத்தர் வழக்கம்னு நினைச்ச காணிக்கையை இன்னொருத்தர் பாவம்னு சொல்ல ஆரம்பிச்ச காலம் அது.

ஏடுதேடி:
ரேட் கார்டா! இது எனக்கு தெரியவே தெரியாது. அப்ப புகார் எழுதினவர் யாருன்னு முதல்ல பாக்கணும், சரியா? குற்றம் செஞ்சவரே ஒத்துக்கிட்ட பதிவு ஏதாவது இருக்கா?

மடத்துநூலகம்:
இருக்கு, 1049ல ரீம்ஸ்ல பிஷப்புகள் கூடின திருச்சபை சங்கம். போப் ஒன்பதாம் லியோ புனித ரெமிஜியஸோட எலும்பு இருந்த பேழையை பலிபீடத்து மேல வச்சுட்டு, பதவியை வாங்கவோ விக்கவோ இல்லன்னு ஒவ்வொரு பிஷப்பும் எழுந்து சொல்லணும்னார். நான்ட் பிஷப் ஒத்துக்கிட்டார், அவங்க அப்பாவும் அங்கேயே பிஷப்பா இருந்தவர், அவர் போனப்புறம் இவர் காசு குடுத்து அந்த இடத்துக்கு வந்திருக்கார். அங்கேயே பிஷப் பதவிக்கு அடையாளமான மோதிரத்தையும் கோலையும் வாங்கிட்டு வெறும் குருவா விட்டாங்க. குற்றம் சாட்டப்பட்ட லாங்ர் பிஷப்புக்காக பேச எழுந்த பெசான்சோன் பேராயருக்கு தொண்டை அடைச்சு பேச்சே வரலன்னும் அதே பதிவு சொல்லுது. இதை எழுதின அன்செல்ம் அந்த ரெமிஜியஸ் மடத்துத் துறவி, தங்க புனிதரோட மகிமையை காட்டணும்ங்கற ஆசை அவருக்கு இருந்திருக்கும், அதனால தொண்டை விஷயத்தை அந்தக் கண்ணோட படிக்கணும். மோதிரம் போனது வேற மாதிரி, அத்தனை பேர் கூடின சங்கத்துல நடந்தது, அதனால அதை நம்பலாம்.

பிற்காலம்னா வேலை சுலபம். 1295ல இருந்து போப்போட கருவூலப் பதிவேடுகள் வரிசையா இருக்கு, புது பிஷப் தன் இடத்தோட வருஷ வருமானத்துல மூணுல ஒரு பங்கை கட்டறேன்னு உறுதி குடுத்ததும், தவணை தவணையா கட்டினதும் தேதியோட இருக்கும். சட்டப்படி அது சைமனி இல்ல, கட்டணம். 1881ல பதின்மூணாம் லியோ வத்திக்கான் ஆவணக்காப்பகத்தை ஆய்வாளர்களுக்கு திறந்து விட்டதுக்கு அப்புறம்தான் இதையெல்லாம் ஒழுங்கா கூட்டிப் பாக்க முடிஞ்சது. நீங்க படிக்கிற பிஷப் எந்த ஊரு, எந்த வருஷம்னு போடுங்க, புகார் ஏட்டுல தேடணுமா பதிவேட்டுல தேடணுமான்னு சொல்றேன்.