பிஷ்கெக்கில் நிலக்கரி பாய்லர்: ராத்திரி முழுக்க நெருப்பு நிற்க என்ன செய்வது?

வணக்கம். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் நான்கு பேர் ஊர் ஓரத்தில் தனி வீடு எடுத்திருக்கிறோம். வீட்டைச் சூடாக்க நிலக்கரி பாய்லர்தான், வேறு வழி கிடையாது. வெளியே மைனஸ் 15. இரவு 11 மணிக்கு இரண்டு வாளி கரி போட்டால் 3 மணிக்கெல்லாம் அணைந்துவிடுகிறது, காலையில் பார்த்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருக்கிறது.

வாங்கியது இந்த நாட்டுக் காரா-கெச்சே சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரி, பாதி தூள். கஜகஸ்தானின் ஷுபர்கோல் கரி நின்று எரியும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி, உண்மையா?

போன வாரம் நெருப்பு நிற்கட்டும் என்று புகை போகும் வழியை அடைக்கும் புகைபோக்கித் தகட்டை முக்கால்வாசி மூடிவிட்டுப் படுத்தோம். விடியற்காலை எல்லோருக்கும் தலைவலி, ஒருவன் வாந்தி எடுத்துவிட்டான், ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு வெளியே ஓடினோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் உறைத்தது. உடனே அலாரம் வாங்கி மாட்டினோம், தகட்டை இப்போது தொடுவதே இல்லை.

சாம்பல் கதவை மட்டும் கொஞ்சம் சாத்திக் காற்றைக் குறைத்தால் போதுமா? தூளை நனைத்துப் போடலாமா? புகைபோக்கியை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறீர்கள்? இங்கே குளிர்காலம் கழித்த சீனியர் அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள், இன்று இரவுக்குள் தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவோம்.