மலாயாவில் மரம் மலிந்திருந்த காலம்: ஈயமும் இரயிலும் எதை எரித்தன?

செந்தூல் வாசகர்:
வணக்கம். பிரிட்டிஷார் காலத்து மலாயாவில் காட்டு மரம் தாராளமாகக் கிடைத்தது, தொழில்களின் போக்கை எந்த அளவுக்கு நிர்ணயித்தது? இரயில்வேயில் உழைத்த நம் முன்னோரைப் பற்றி எழுதிவருவதால் கேட்கிறேன்.

கெப்போங் வாசகர்:
ஈயத்திலிருந்தே, அதாவது வெள்ளீயத்திலிருந்தே, தொடங்க வேண்டும், ஐயா. பேராக்கின் லாருட்டிலும் சிலாங்கூரின் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சீனர்களின் உலைகள் மரக்கரியைக் கொண்டே ஈயத்தை உருக்கின. நல்ல கரிக்குக் கடின மரங்களே தேவைப்பட்டதால், லம்பங்களை, அதாவது ஈயச் சுரங்கங்களைச் சுற்றியிருந்த காடு விரைவாக அழிந்து, விறகு வெட்டுவோர் மேலும் மேலும் தொலைவுக்குச் செல்ல நேர்ந்தது. நீர் இறைக்கும் நீராவி இயந்திரங்களுக்கும் விறகே எரிபொருள். 1901-இல் பர்ன்-மர்டோக் தலைமை வன அதிகாரியாக அமர்த்தப்பட்டதற்கு இந்த அழிவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

பட்டர்வொர்த் வாசகர்:
1885-இல் தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளத்தின் கீழே செங்கால் போன்ற வன்மரச் சிலிப்பர் கட்டைகள் கிடந்தன. இயந்திரத்தின் வயிற்றிலோ பாக்காவ் எனும் கண்டல் மர விறகு எரிந்தது. சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புள்ள மாத்தாங் கண்டல் காட்டை வெட்டியபின் மீண்டும் வளரவிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரி கிடைக்கத் தொடங்கிய பின்னரே விறகின் பிடி தளர்ந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்:
கோலாலம்பூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும் கொண்டு எழுந்த ஊர் 1881-இல் தீக்கிரையானது. அதன் பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுமாறு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். எங்கள் வட்டாரத்துச் செங்கற்சூளைகள் அந்தத் தேவையால் பெருகியவை.