சோப்ரானோ குரல், பரோக் இசை மட்டும்: இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

தெளிந்தகுரல்:
எனக்கு 24 வயது, சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்), இசைக் கல்லூரியில் கடைசி வருடம். "உன் குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் சின்னது. வெர்டி, புச்சினி எல்லாம் ஒத்துவராது, பரோக் பக்கம் போய்விடு" என்று போன வாரம் என் ஆசிரியர் சொன்னார். பரோக் என்றால் சுமார் 1600 முதல் 1750 வரையான ஐரோப்பிய இசை. அது வழி காட்டியதா, கைகழுவியதா என்று ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். ஹேண்டல், பர்செல் மாதிரியான பரோக் இசையமைப்பாளர்களைப் பாடும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வருவதில்லை. ஆனால் பிடித்திருப்பது வேறு, அதை வைத்து வாடகை கட்டுவது வேறு இல்லையா? இந்தத் துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழையசுருதி:
பல வருடங்களாகப் பரோக் குழுக்களில் பாடுகிறேன். முதலில் அந்த "சின்னக் குரல்" பேச்சை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பரோக் என்பது சின்னக் குரல்கள் ஒதுங்கும் இடம் கிடையாது. ஹேண்டலின் 'ஜூலியோ சேசரே' ஓபராவில் (பாட்டு நாடகத்தில்), 1724இல் குட்ஸோனி என்ற பாடகி முதன்முதலாகப் பாடிய கிளியோபாத்ரா வேடத்துக்கு மட்டும் எட்டு ஏரியாக்கள், அதாவது தனிப்பாடல்கள். ஒன்றில் மயக்க வேண்டும், ஒன்றில் உடைந்து அழ வேண்டும், கடைசியில் புயலைத் தாண்டிக் கரை சேர்ந்த கப்பல் மாதிரி வேகமான ஸ்வரக் கோவைகளில் பாய வேண்டும். இதற்குக் குரலின் பருமனைவிட மூச்சும் தெம்பும்தான் வேண்டும்.

இங்கிலாந்து சோப்ரானோ எம்மா கிர்க்பியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். தொழில்முறைப் பாடகியாகும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. 1970களில் லூட் என்ற நரம்பு வாத்தியத்தோடும் மற்றப் பழைய வாத்தியங்களோடும் பாடுகிற சிறு குழுக்களில் சேர்ந்தார், அந்த வாத்தியங்களுக்கு அவர் குரல் அப்படிப் பொருந்தியது. 1980இல் வெளிவந்த, ஹாக்வுட் நடத்திய ஹேண்டலின் 'மெசையா' பதிவைக் கேட்டால் தெரியும். பிரெஞ்சு சோப்ரானோ சாண்ட்ரின் பியோ ஹார்ப் வாசிக்கப் படித்தவர். இந்தத் துறைக்குள் வரக் கதவு ஒன்றே ஒன்று இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் வேலை என்று வந்தால் பெரும்பாலும் குழுப் பாட்டில்தான் ஆரம்பம், எட்டுப் பத்துப் பேரில் ஒருவராக. அங்கே உங்கள் சுருதியும், பக்கத்தில் நிற்பவரை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதும் ஒரே ஒத்திகையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனிப்பாடல் வாய்ப்பும் அங்கிருந்துதான் வருகிறது, பல நேரம் யாருக்காவது தொண்டை கட்டிக்கொண்டதால். எனக்கு அப்படித்தான் வந்தது.

சுருதி விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய இசைக்குழுக்களில் ஏ ஸ்வரம் பொதுவாக 440 ஹெர்ட்ஸ். பாக், ஹேண்டல் என்றால் வழக்கமாக 415, அரை ஸ்வரம் கீழே. பிரெஞ்சு ஓபராவுக்கு 392 வரை இறங்குவார்கள், மான்டெவெர்டிக்குச் சிலர் 465க்கு ஏற்றுவார்கள். ஒரு வாரம் 415, அடுத்த வாரம் 465 என்றால் அதே பாட்டு தொண்டையில் வேறு பாட்டாகிவிடும். காகிதத்தில் பார்த்து "இந்த உயரம் எனக்கு எளிது" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், எந்தச் சுருதி என்று முதலில் கேளுங்கள்.

விசைப்பலகை:
நான் பாடகி இல்லை, ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) வாசிக்கிறேன், பாடகர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவள். குரல் நன்றாக இருந்தும் திரும்ப அழைக்கப்படாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் அநேகமாக ஒன்றுதான், வார்த்தை புரியாமல் பாடுவது. ரெசிடேடிவில், அதாவது பேச்சு மாதிரிப் பாடும் பகுதியில், எங்கே நிறுத்துவது, எங்கே தள்ளுவது என்பதெல்லாம் பேச்சிலிருந்து வருகிறது. பாடுபவருக்கே வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் நான் எந்த இடத்தில் கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) வைப்பேன்? இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றிலும் ஒரு பத்தியைப் பாடாமல் வாசித்தே உணர்ச்சியோடு சொல்லத் தெரிய வேண்டும். லத்தீன் ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம், பிரெஞ்சுக்காரரான ஷார்பான்டியேயின் லத்தீனைப் பிரெஞ்சு உச்சரிப்பில் கேட்பார்கள்.

அப்புறம் அலங்காரம். தா காப்போ ஏரியாவில் முதல் பகுதி திரும்பி வரும்போது அதை அப்படியே பாடினால் பாதிப் பாட்டுதான் பாடியதாக அர்த்தம். யாரோ பதிவில் பாடியதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருபவர்களை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். கீழே ஓடும் பாஸ் வரியைப் படித்து நீங்களே மூன்று விதமாக எழுதிப் பாருங்கள், இரண்டு மோசமாக வரும், பரவாயில்லை.

தெளிந்தகுரல்:
இருவருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொரு சந்தேகம். பரோக் என்றால் வைப்ராட்டோவே (குரலின் அசைவு) கூடாது என்கிறார்கள். அதை நிறுத்திப் பாடினால் அரை மணி நேரத்தில் கழுத்து இறுகிவிடுகிறது.

பழையசுருதி:
இறுகினால் உடனே நிறுத்துங்கள்! அது நேரான குரல் இல்லை, பிடித்து வைத்த குரல். மூச்சு தடையில்லாமல் போனால் அசைவு தானாகவே சிறியதாகிவிடும். நீண்ட ஸ்வரத்தை நேராகத் தொடங்கி, நடுவில் விரித்து, கடைசியில் லேசாக அசைய விடலாம். வைப்ராட்டோவைக் கொன்றுவிடச் சொல்கிற ஆசிரியரிடம் போகாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது, கச்சேரிக்குக் கச்சேரி கூலி. டிசம்பரில் 'மெசையா', ஈஸ்டருக்கு முன் பாக்கின் பேஷன்கள் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பெரிய இசைப் படைப்புகள்), இந்த இரண்டு சமயத்தில் ஓய்வே இருக்காது, நடுவில் வெறுமையான வாரங்கள். ஒரு வருடம் ஈஸ்டர் சமயத்தில் எனக்குக் குரல் போய் நான்கு கச்சேரிகளை விட்டேன். அமைப்பாளர்களில் ஒருவர்கூட ஒரு காசு தரவில்லை, ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். பலர் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் இடைவெளியை நிரப்புகிறோம், நானும் அப்படித்தான்.

இதையும் கேளுங்கள். பாக்கின் செயின்ட் ஜான் பேஷனில் சோப்ரானோவுக்கு இரண்டே ஏரியா. முதலாவது ஆரம்பத்திலேயே துள்ளலாக வந்துவிடும். இரண்டாவது, இயேசு இறந்த பிறகு வரும் அந்த அழுகைப் பாட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலே கழித்து. நடுவில் குளிர்ந்த தேவாலயத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்த உடனே கண்ணீர் உருகுகிற மாதிரி மெல்லப் பாட வேண்டும். அந்த ஒரு பாட்டுக்காக நான் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

விசைப்பலகை:
படிப்பு முடிந்ததும் எங்கே போவது என்று யோசித்தால், சுவிட்சர்லாந்தின் பாசலில் இருக்கிற ஸ்கோலா கான்டோரம் கல்லூரி 1933 முதல் பழைய இசைக்காகவே நடக்கிறது. வில்லியம் கிறிஸ்டியின் லே ஆர் ஃப்ளோரிசான் குழு 2002இல் தொடங்கிய ஜார்டன் டே வ்வா என்ற திட்டத்துக்கு இளம் பாடகர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சுற்றுப்பயணமும் கூட்டிப்போகிறார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் பரோக் பாடகர்களுக்கான செஸ்டி போட்டி இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், உங்கள் கல்லூரியிலேயே கன்டினுவோ (பாஸ் வரியை வைத்து வாசிக்கும் பக்கவாத்தியம்) வாசிக்கிற ஒருவரைப் பிடித்து வாரம் ஒரு நாள் சேர்ந்து உட்காருங்கள்.

தெளிந்தகுரல்:
கீழ் மாடியில் ஒரு ஹார்ப்சிகார்ட் மாணவர் இருக்கிறார், இதுவரை பேசியதே இல்லை. நாளைக்குப் போய்க் கேட்கிறேன். அந்த இரண்டாவது ஏரியாவின் வரிகளைப் பாடாமல் வாசிக்க இன்று ராத்திரியே தொடங்குகிறேன்.