உதவி: மாப்பிள்ளை வீட்டார் 38 பேர், ஒன்றரை நாள். ராமேஸ்வரம் திட்டம் மணிக்கணக்கில் இடிக்கிறது

கேட்பவர்: பெண் வீட்டு அண்ணன்

வணக்கம். வைகாசிக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு முகூர்த்தம். கல்யாணம் ராமநாதபுரம் ஊருக்குள்ளேயே. மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். வெள்ளி இரவு இரண்டு வேனில் கிளம்பி சனி விடியற்காலை வந்து சேர்கிறார்கள். சனி மாலை 6.30க்கு வரவேற்பு, ஞாயிறு காலை 6 முதல் 7.30 முகூர்த்தம். திங்கள் அவர்கள் ஊர் திரும்ப வேண்டும்.

நான் போட்டு வைத்த திட்டம் இது: ஞாயிறு மதியச் சாப்பாடு முடித்து 12.30க்குப் புறப்பாடு, பாம்பன் பாலம், ராமேஸ்வரம் கோயில், 22 தீர்த்தம், பிறகு தனுஷ்கோடி, இரவு ராமநாதபுரம் திரும்புதல். என் மாமா பார்த்துவிட்டு "இது நடக்காது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், ஏன் என்று சொல்லவில்லை. 38 பேரில் பாதிப்பேர் சைவம், ஆறு சிறு பிள்ளைகள், முட்டி வலிக்காரப் பெரியவர்கள் நான்கு பேர். மீதிப்பேர் மீன் சாப்பிட்டே தீருவோம் என்று வருகிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: உச்சிப்புளிக்காரன்

உங்கள் மாமா சொன்னது சரி தம்பி. நீங்கள் 2 மணிக்குக் கோயில் வாசலில் நிற்பீர்கள், நடை சாத்தியிருக்கும். மதியம் 1 மணிக்குச் சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். தீர்த்தமும் தரிசனமும் முடித்து வெளியே வரும்போது ஐந்தரை ஆகிவிடும். மாலை 5 மணிக்கு மேல் தனுஷ்கோடிச் சாலையில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அவ்வளவு தூரம் வந்தும் தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதுதான். ஞாயிறு என்பதால் பாம்பன் பாலத்திலேயே அரைமணி நேரம் ஊர்ந்துதான் போவீர்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டையும் இடம் மாற்றுங்கள், தனுஷ்கோடி முதலில், கோயில் பிறகு. இன்னொன்று, ஞாயிறு இரவு ராமநாதபுரம் திரும்பவே வேண்டாம், ராமேஸ்வரத்தில் தங்குங்கள். கோயில் விடியற்காலையில் பார்க்க வேண்டியது. 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம், வெயில் ஏறுவதற்குள் தீர்த்தம், இட்லி சாப்பிட்டுவிட்டு அப்படியே கோவைக்கு.

முக்கியமான சிறு விஷயம்: விருந்தாளிகளுக்கு அனுப்பும் செய்தியில் "மண்டபத்துக்கு வாங்க" என்று மட்டும் போடாதீர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வேன் வரைபடத்தில் மண்டபம் என்று தட்டி, ராமநாதபுரத்தைத் தாண்டி நேராக மண்டபம் என்ற கடற்கரை ஊருக்கே போய்விட்டது. தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்தார்கள்.

பதில்: பாம்பன் மச்சான்

மேலே அண்ணன் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வைகாசியில் கச்சான் என்னும் மேல்காற்று பிடித்துவிடும். அரிச்சல்முனையில் மணல் பறந்து காலில் ஊசி குத்துவதுபோல் அடிக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை, எல்லோருக்கும் தண்ணீர்ப் பாட்டில். நிழல் என்று அங்கே ஒன்றும் கிடையாது. 3 மணிக்கு முன்னால் போகாதீர்கள்.

அங்கே குளிக்க விடாதீர்கள். தெற்கே மன்னார் வளைகுடாவை நாங்கள் ஆண்கடல் என்போம், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். அதை நம்பி முனையில் இறங்கினால் இரண்டு நீரோட்டமும் சேருமிடத்தில் காலை வாரிவிடும். பிள்ளைகள் தண்ணீரில் ஆட வேண்டும் என்றால் அரியமான் கடற்கரை. உச்சிப்புளி தாண்டி இடதுபக்கம் திரும்ப வேண்டும். சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு, அலையும் இருக்காது.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் போன ஊர் என்பதை வேனிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். இடிந்த தேவாலயச் சுவரைப் பார்த்துப் படம் மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில், அந்தப் புயலுக்குத் தாக்குப்பிடித்து நின்றது. பாலத்தின் மேல் வேனை நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். நிறுத்தினால் போலீஸ் விரட்டும், பின்னால் வரிசை நிற்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் ஓடும் வண்டியிலிருந்தே நன்றாகத் தெரியும்.

பதில்: கீழக்கரை அக்கா

எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சனிக்கிழமை பகல் முழுக்க அவர்கள் என்ன செய்வார்கள்? அறையில் தூங்கினால் மாலை வரவேற்புக்குச் சோம்பலோடுதான் வருவார்கள்.

குளித்துச் சாப்பிட்டு 9 மணிக்குத் திருப்புல்லாணி. ஊரிலிருந்து 10 கிலோமீட்டர்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, ராமர் தர்ப்பைப் புல்லில் சயனித்திருப்பார், சைவச் சாப்பாட்டுப் பெரியவர்களுக்கு மனம் நிறையும். அங்கிருந்து கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், கோயில் தச்சு மாதிரியே இருக்கும். பிறகு தொதல் வாங்க வேண்டும், இது கட்டாயம். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் மணிக்கணக்கில் கிண்டியது. விரலால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அவசரத்தில் இறக்கியது, வாங்காதீர்கள். கருப்பட்டித் தொதல், சீனித் தொதல் இரண்டும் உண்டு. என்னைக் கேட்டால் கருப்பட்டிதான். பனங்காட்டு ஊருக்கு வந்துவிட்டுச் சீனி எதற்கு? வழியில் நுங்கு வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வேனை நிறுத்துங்கள்.

கேட்பவர்

அக்கா, அண்ணன்மாருக்கு நன்றி. இரண்டு சந்தேகம். முட்டி வலிக்காரர்கள் 22 தீர்த்தம் ஆட முடியுமா? மீன் சாப்பாட்டுக்கு எந்தக் கடை?

பதில்: உச்சிப்புளிக்காரன்

தீர்த்தம் ஆடலாம், ஆனால் தரை முழுக்க ஈரம், வழுக்கும், ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். முட்டி வலிக்காரர்களை அக்னி தீர்த்தக் கரையில் கால் நனைக்க வைத்து, மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்களைப் பார்த்தபடி மெதுவாக நடக்க விடுங்கள். தீர்த்தத்துக்குக் கோயில் கவுண்டரிலேயே சீட்டு வாங்குங்கள். வாசலில் "தலைக்கு இவ்வளவு கொடுங்கள், சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணிப் பையை ஒருவரிடம் கொடுத்து வெளியே நிறுத்துங்கள். போனும் உள்ளே கிடையாது.

மீன் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் வஞ்சிரம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய மீன் வந்தால் வெளியூர் ஐஸ் மீனாகத்தான் இருக்கும், விலையும் ஏறியிருக்கும். நாட்டுப்படகு போகும். அதில் வரும் நண்டு, கணவாய், நகரை மீன் கேளுங்கள். கடைப்பெயர் சொல்லி என்ன செய்ய, 38 பேர் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தால் எந்த மெஸ்ஸும் தாங்காது. முந்தின நாள் இரவே போனில் பேசி, அசைவம் இத்தனை என்று எண்ணிக்கை சொல்லி முன்பணம் கொடுங்கள். சைவக்காரர்களை அதே கடையில் உட்கார வைக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி சைவக் கடைகள்தான், அவர்களுக்கு அங்கே.

தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் மீனைக் காட்டுவார்கள். பொரிக்கச் சொல்வதற்கு முன் விலையைக் கேளுங்கள். போன வருடம் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு நான் கொடுத்த பணத்தை என் வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கேட்பவர் (இரண்டு வாரம் கழித்து)

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஞாயிறு 11.30க்கே கிளப்பிவிட்டேன். வெயில் நேரத்தைப் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குள் கழித்துவிட்டு 3.45க்கு அரிச்சல்முனை. மணல் அடித்தது உண்மை. இரவு ராமேஸ்வரத்திலேயே தங்கியதில் முட்டி வலிக்காரர்கள்தான் அதிகம் மகிழ்ந்தார்கள். நண்டு பத்தாமல் போய் இரண்டு சித்தப்பாக்களுக்குள் சின்ன மனத்தாங்கல், அது சரியாகிவிட்டது.

இப்போது புதுப் பிரச்சினை. நான் வாங்கிக் கொடுத்த தொதல் கோவை போவதற்குள் வேனிலேயே தீர்ந்துவிட்டதாம். சம்பந்தியம்மா ஐந்து கிலோ அனுப்பச் சொல்கிறார். பேருந்து பார்சலில் போட்டால் இந்த வெயிலில் தாங்குமா?

பதில்: கீழக்கரை அக்கா

தாங்கும். ஓலைப்பெட்டியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் வேர்த்துவிடும். இரவுப் பேருந்தில் ஏற்றுங்கள்.