கீழ வயலுக்குப் பைப் (குடும்ப வாட்ஸ்அப் குழு)

மணி பெரியப்பா: நிவேதா, வயல்ல பைப் புதைக்கணும்னு செந்தில்கிட்ட சொன்னியாமே. எதுக்கும்மா? கீழ வயல் குறுவை நட்டு ரெண்டு வாரம் ஆகப்போகுது.

நிவேதா: சரியான நேரம் பெரியப்பா. எந்நேரமும் தண்ணி நின்னா சேத்துக்குக் காத்து போகாது. காத்தில்லாத சேத்துல இருக்கிற நுண்ணுயிர் மீத்தேனை விடும். 100 வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு சூடு பிடிக்கிற வாயு. அதனால வயலை அப்பப்ப காயவிடணும், மண்ணுக்குள்ள தண்ணி எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்க்கத்தான் பைப்.

செந்தில்: சேத்துல கால் வச்சா குமிழ் குமிழா வருமே, அதுவாக்கா?

நிவேதா: அதுவும்தான்டா. ஆனா பெரும்பகுதி நெல் தண்டு வழியாவே வெளிய வந்துடும், கண்ணுக்குத் தெரியாது.

மணி பெரியப்பா: வயல் காஞ்சா களை ஏறிடுமே. கோரையை யாரு பறிக்கிறது?

நிவேதா: அதனாலதான் முதல் ரெண்டு வாரம் தண்ணி நிக்கட்டும்னு சொல்றது. அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது காயவிட்டு காயவிட்டுத் தண்ணி பாய்ச்சுறது. பூக்குற சமயம், அதுக்கு முன்ன ஒரு வாரம் பின்ன ஒரு வாரம், காயவே விடக்கூடாது. ரெண்டு இன்ச் தண்ணி நிக்கணும்.

செந்தில்: பைப் அளவு சொல்லுக்கா, கடைக்குப் போறேன்.

நிவேதா: ஒரு அடி நீளம். ஆறு இன்ச் பி.வி.சி., இல்லன்னா நாலு இன்ச் போதும். கீழ் பாதியில சுத்தி ஓட்டை போடு. அந்தப் பாதி மண்ணுக்குள்ள, மீதி மேல. உள்ள இருக்கிற சேத்தைக் கையால அள்ளிடு, அப்பதான் தண்ணி மட்டம் சரியாத் தெரியும். வரப்போரமா வை, ஆனா மேட்டுலயும் வேண்டாம் பள்ளத்துலயும் வேண்டாம். மண்ணுக்குக் கீழ அரை அடி இறங்கினதும் மோட்டார் போடு. மேல காஞ்சாப்ல இருக்கும், வேருக்கு ஈரம் இருக்கும்.

மணி பெரியப்பா: விளையுற கண்டுமுதல் குறையாதே?

நிவேதா: அரை அடியைத் தாண்டாத வரைக்கும் குறையாது பெரியப்பா. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல வருஷம் பார்த்து வச்ச அளவு அது. மீத்தேன் பாதியளவு குறையும், தண்ணியும் 30 சதவீதம் வரைக்கும் மிச்சம். பெரிய வெடிப்பு விழ விட்டாத்தான் பயிர் அடிபடும்.

செந்தில்: கரண்டுக்குத்தான் காசே இல்லையே. தண்ணி மிச்சம் பண்ணி நமக்கென்ன?

மணி பெரியப்பா: போர்ல தண்ணி கீழ போயிக்கிட்டே இருக்குடா. அதை நெனச்சுப் பாரு.

கலா அத்தை: எங்களுக்கும் இது ஆகுமா நிவி? வேதாரண்யம் பக்கம் உப்பு மண்ணு.

நிவேதா: உங்களுக்கு வேண்டாம் அத்தை. காயவிட்டா உப்பு மேல ஏறி பயிரைக் கெடுத்துடும். சம்பாவுக்கும் கஷ்டம், ஐப்பசி மழையில வயலை எங்க காயவைக்கிறது? நம்ம போர்ல இறைக்கிற குறுவைதான் நம்ம கையில இருக்கு. அதையாவது செய்வோம்.

நிவேதா: முக்கியமா யூரியா. காயறதும் நனையறதுமா இருக்கிற வயல்ல அள்ளிப் போட்டா நைட்ரஸ் ஆக்சைடுன்னு இன்னொரு வாயு கிளம்பும், அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடு பிடிக்கும். மீத்தேன்ல குறைச்சதை இதுல விட்டுடுவோம். இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டை வச்சுப் பார்த்து, தேவைன்னா மட்டும் போடுங்க. போட்டதும் தண்ணி கட்டிடுங்க.

ரவி சித்தப்பா: இப்படி வாயுவைக் குறைச்சா அதுக்குக் கார்பன் காசு வரும்னு ஒருத்தர் கையெழுத்து கேட்டு வந்தாரும்மா.

நிவேதா: போட வேண்டாம் சித்தப்பா, முதல்ல பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. எத்தனை வருஷ ஒப்பந்தம், யாரு அளக்குறாங்க, காசுல நமக்கு எவ்வளவுன்னு பார்க்கணும். கார்பன் காசுத் திட்டங்களைப் பதிவு பண்ற வெர்ராங்கிற அமைப்பே 2024-ல சீனாவுல 37 நெல் திட்டங்களைத் தள்ளுபடி பண்ணுச்சு. அந்தக் காசை நம்பி இறங்க வேண்டாம், தண்ணிக்காகவும் காத்துக்காகவும் செய்வோம்.

மணி பெரியப்பா: செந்தில், ரெண்டு பைப்பா வாங்கிட்டு வா. மடைகிட்ட ஒண்ணு, கடைசியில ஒண்ணு. கடைசிப் பக்கம் தண்ணி லேட்டாத்தான் ஏறும்.

நிவேதா: அதுதான் சரி பெரியப்பா. எனக்கு இது தோணல. காலையில உள்ள ஒரு ஸ்கேலை விட்டு மட்டத்தைப் போட்டோ எடுத்து இங்கயே போடு செந்தில்.

செந்தில்: சரிக்கா, கிளம்பிட்டேன்.